18 வயதாகும் ஆட்டிசம் பிள்ளைக்கு வேலைப் பயிற்சி: வழி சொல்லுங்கள்

வணக்கம். திருச்சியில் இருக்கிறோம், ஆட்டிசம் உள்ள என் மகனுக்கு அடுத்த மாதம் 18 முடிகிறது. எடை பார்த்துப் பாக்கெட் போடுவது, அடுக்கி வைப்பது எல்லாம் அவ்வளவு நேர்த்தியாகச் செய்வான், ஆனால் மிஷின் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விடுவான், தனியாக பஸ் ஏறி மீதிச் சில்லறை கேட்டு வாங்க இப்போதுதான் பழகுகிறான். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அரசு வேலைக்கு உள்ள 4 சதவீத ஒதுக்கீட்டில் ஆட்டிசமும் உண்டு, ஆனாலும் போட்டித் தேர்வு இவனுக்குச் சரிவராது.

சென்னை பக்கம் முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக இருக்கும் தேசிய நிறுவனத்தில் பிள்ளையைத் தொழிற்பயிற்சிக்கு அனுப்பியவர்கள் இருந்தால் அனுபவத்தைச் சொல்லுங்கள். சத்தம் குறைந்த இடமாக, திருச்சிப் பக்கம் பேக்கிங் அல்லது நர்சரி வேலை கிடைக்குமா?

அப்புறம், ஆட்டிசம் போன்ற குறைபாடு உள்ளவர்களுக்கான நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி, 18 வயதுக்குப் பிறகு பிள்ளைக்குச் சட்டப்படி பொறுப்பேற்கும் காப்பாளர் நியமனத்துக்கு கலெக்டர் ஆபீஸில் விண்ணப்பித்தவர்கள், எத்தனை மாதம் ஆனது? அவனே கையெழுத்துப் போடுவான், சம்பளம் அவன் பெயரிலேயே வர வேண்டும் என்பது என் ஆசை.