நேபாளி உணவகம்: நாலு பேருக்கு என்ன ஆர்டர் செய்யலாம்?

கேள்வி (புதுவாசனை):
இந்த வாரம் நாலு பேர் பக்கத்துத் தெரு நேபாளி உணவகத்துக்குப் போகிறோம். இருவர் சைவம், அசைவக்காரர் ஒருவருக்கு வேர்க்கடலை ஒவ்வாமை. மெனுவில் பாதிக்கு மேல் பட்டர் சிக்கனும் நானும்தான். நேபாளத்துக்கே உரியது எது? எவ்வளவு சொன்னால் போதும்? முன்கூட்டியே எதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்?

பதில் (தாளிப்பு):
பட்டர் சிக்கன் பக்கத்தைப் புரட்டிவிட்டு 'தகாலி', 'நேவாரி' (நேபாளத்தின் இரு சமூகங்களின் சமையல்) என்ற தலைப்புகளைத் தேடுங்கள். இரண்டு தட்டு மோமோ (பூரணம் வைத்த கொழுக்கட்டை), இரண்டு தால்-பாத் தாலி (சோறு-பருப்புச் சாப்பாட்டுத் தட்டு), ஒரு சமய் பஜி (அவலோடு பலவும் வைத்த நேவாரித் தட்டு), ஒரு ஆலு தாமா (மூங்கில் குருத்து, உருளைக்கிழங்குக் குழம்பு). நாலு பேருக்கு இது தாராளம்.

தால்-பாத்தில் சோறு, பருப்பு, காய் மூன்றையும் கேட்கக் கேட்க வைப்பதுதான் நேபாள வழக்கம். இறைச்சிக்கு அது கிடையாது. வெளிநாட்டில் எல்லாக் கடையும் அப்படிச் செய்வதில்லை, ஒரு தாலியை இருவர் பகிர்ந்தால் மறுபடி வைக்க மறுக்கவும் செய்வார்கள். உட்கார்ந்ததுமே கேட்டுவிடுங்கள்.

கறுப்பு உளுந்துப் பருப்பு இருந்தால் அதையே சொல்லுங்கள். நேபாளத்தில் முஸ்தாங் மலைப்பகுதிப் பக்கம் விளையும் ஜிம்பு என்ற வெங்காயக் குடும்பத்து இலையைக் காயவைத்து, நெய்யில் தாளித்து அதில் கொட்டுவார்கள். சில நொடி கூடினாலும் கருகிக் கசக்கும். சரியாக விழுந்தால் பருப்பின் மணமே வேறு.

தீடோ இருந்தால் போகும் முன்பே போனில் சொல்லிவையுங்கள். பாப்பரை அல்லது கேழ்வரகு மாவில் அப்போதைக்கப்போது கிண்டும் களி அது, ஆறினால் இறுகிவிடும். கூடவே குந்த்ருக் கேளுங்கள்: கடுகுக்கீரை, முள்ளங்கிக்கீரையை வாட்டி, புளிக்கவைத்து, வெயிலில் காயவைத்தது. அந்தப் புளிப்பு இல்லாமல் தீடோ இறங்காது.

பதில் (நீராவி):
மோமோவில் முதல் தட்டு ஆவியில் வெந்ததாகவே இருக்கட்டும். சி-மோமோவில் மிளகாய் சாஸ் எல்லாக் குறையையும் மூடிவிடும். நல்ல மோமோவுக்கு மடிப்பு விளிம்பு மெல்லிசாகவும் அடி சற்றுத் தடிமனாகவும் இருக்கும். அடி கிழிந்தால் உள்ளே உள்ள சாறு தட்டிலேயே போய்விடும். கோழிக்கறியில் கொழுப்பு குறைவு, வெங்காயமும் எண்ணெயும் போதாவிட்டால் பூரணம் உதிரும். தட்டு வந்ததும் சாப்பிடுங்கள். ஆறினால் தோல் விறைத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

சமையலறையின் கைப்பக்குவம் அச்சாரில் (மோமோவுக்குத் தொட்டுக்கொள்ளும் சட்னி) தெரியும். சுட்ட தக்காளி, வறுத்தரைத்த எள், திமூர் (சிச்சுவான் மிளகு போன்ற மசாலா) மூன்றும் நாக்குக்குத் தனித்தனியாகத் தெரிய வேண்டும். திமூர் நாக்கை லேசாக மரக்கச் செய்யும், அது அதன் இயல்பு. ஆனால் ஒவ்வாமை உள்ளவருக்கு அரிப்போ வீக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால் அது திமூர் அல்ல, மருத்துவ உதவிக்குத் தாமதிக்காதீர்கள்.

பதில் (உப்புக்கல்):
கடலை விஷயம்தான் இதில் முக்கியம். நேபாளியில் 'பதாம்' என்றால் பெரும்பாலும் வேர்க்கடலை. பரிமாறுபவர் "கொஞ்சம் பதாம் இருக்கு" என்றால் பாதாம்பருப்பு என்று விட்டுவிடாதீர்கள். மோமோ அச்சாரிலும் ஜோல் மோமோவின் குழம்பிலும் எள், சோயா, கடலை என எது வேண்டுமானாலும் அரைத்திருப்பார்கள், கடைக்குக் கடை மாறும். ஜோலை அவருக்கு முழுவதுமாகத் தவிர்த்துவிடுங்கள். சமய் பஜியில் வறுத்த சோயாவோடு கடலை கலந்திருக்கிறதா என்றும் கேளுங்கள்.

சைவத்துக்கு மூன்று இடத்தில் கவனம். துக்பாவின் (நூடுல்ஸ் சூப்) சாறு எலும்பில் காய்ச்சியதாக இருக்கலாம். சைவ மோமோவும் கறி மோமோவும் ஒரே அடுக்குப் பாத்திரத்தில் வேகலாம். மேலடுக்கில் வைக்கச் சொல்லுங்கள், கீழிருந்து சொட்டாது. சமய் பஜியில் முட்டையும் சோயிலாவும் (மசாலா பிசறிய சுட்ட கறி) வரும், அவற்றைத் தனித்தட்டில் கேளுங்கள். மிஞ்சும் அவல், உருளைக்கிழங்கு, உளுந்தில் சுட்ட பாரா எல்லாம் சைவர்களுக்கு ஆகும். பாராவில் மட்டும் முட்டையோ கறியோ வேண்டாம் என்று சொல்லுங்கள். 'பஃப்' என்று எழுதியிருந்தால் எருமைக்கறி.

புதுவாசனை:
நன்றி. சோயிலா சூடாக வருமா? ஆலு தாமாவின் வாசனை கடுமையாக இருக்கும் என்கிறார்களே?

பதில் (தாளிப்பு):
சோயிலா ஆறித்தான் வரும், திருப்பி அனுப்பாதீர்கள். சுட்ட கறியில் இஞ்சி, பூண்டு, மிளகாய் பிசறி, கடுகெண்ணெயில் வெந்தயத்தைக் கருக்கக் காய்ச்சி ஊற்றுவார்கள். அவலோடு சேர்த்து மெல்ல வேண்டும். தாமா என்பது புளிக்கவைத்த மூங்கில் குருத்து, வாசனை இருக்கத்தான் செய்யும். கூட வேகும் உருளைக்கிழங்கும் காராமணியும் அதைத் தணித்துவிடும். சோற்றில் முதலில் குழம்பை மட்டும் ஊற்றிப் பாருங்கள்.