ரிமோட் டிம்மர் போட்டதும் எல்ஈடி பல்பு மினுக்குது, என்ன செய்யலாம்?

ஹட்டன்_பொடியன்:
வணக்கம் அண்ணே, எங்க வீட்டு ஹோலுக்கு வைஃபை டிம்மர் ஒன்னு போட்டேன், அம்மாவுக்கு முழங்கால் வலி, ராத்திரி குளிருல எழும்பி சுவிட்ச் தேடாம படுத்த இடத்துலயே லைட்டை கூட்டி கொறைச்சுக்கட்டும்னு தான். 5 வாட் எல்ஈடி நாலு. பாதிக்கு கீழ கொறைச்சா மினுக்குது, ஓஃப் பண்ணினாலும் லேசா எரியுது. சுவிட்ச் பெட்டியில ரெண்டு வயர் தான்.

வயரிங்_அண்ணன்:
தம்பி, ரெண்டு வயர்னா அநேகமா நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போற வயர், அந்த பெட்டியில இல்ல. டிம்மர் தனக்கு வேண்டிய கரண்டை பல்பு வழியா தான் இழுக்கும், அதான் ஓஃப்லயும் எரியுது. நாலும் சேர்ந்து 20 வாட் தான, நெறைய டிம்மருக்கு அந்த லோட் பத்தாது. அதோட பழைய மாடல்னா 230 வோல்ட் கரண்ட் அலையோட முன்பக்கத்தை வெட்டி வெளிச்சத்தை கொறைக்கும், அது குண்டு பல்புக்கு செஞ்சது. எல்ஈடிக்கு பின்பக்கம் வெட்டுற ட்ரெய்லிங் எட்ஜ் தான் நல்லம். மொதல்ல பல்பு பெட்டியில டிம்மபிள்னு, அதாவது வெளிச்சம் கொறைக்கலாம்னு, போட்டிருக்கா பாருங்க.

பண்டாரவளை_அக்கா:
எங்க வீட்டுலயும் இதே கதை. சீலிங்ல பல்புக்கு பக்கத்துல பைபாஸ் கெப்பாசிட்டர் ஒன்னு (டிம்மர் இழுக்குற அந்த சின்ன கரண்டை பல்பை விட்டு சுத்தி அனுப்புற சாமான்) போட்டதும் அந்த பேய் வெளிச்சம் நின்னுச்சு. வயரிங் தெரிஞ்சவர வச்சு மெயின் ஓஃப் பண்ணிட்டு செய்ங்க, ஈரக் கையோட தொடவே வேணாம். கரண்ட் போய் வந்தா பழைய நிலைக்கே வர்ற செட்டிங்கும் பாருங்க, இல்லாட்டி நடுராத்திரி முழு வெளிச்சம் அடிச்சு அம்மா பயந்துருவாங்க.

ஹட்டன்_பொடியன்:
பார்த்தேன் அண்ணே, டிம்மபிள்னு எங்கயும் இல்ல. நாளைக்கு டவுனுக்கு போய் மாத்துறேன்.