விபி 6, எஸ்கியூஎல் சர்வரில் 14 வருடம்: கிளைகளில் ஃபார்ம் திறக்க 10 நொடி, அடுத்து எதைப் படிப்பது?

மணிமுத்தாறு:

வணக்கம். விஷுவல் பேசிக் (விபி) 6, அதை டேட்டாபேஸோடு இணைக்கும் ஏடிஓ, எஸ்கியூஎல் சர்வர் 2000 டேட்டாபேஸ். பதினான்கு வருடமாக இந்த மூன்றும்தான் என் வேலை. மொத்த வியாபார நிறுவனம் ஒன்றின் பில்லிங், சரக்கிருப்பு, கணக்கு எல்லாம் ஒரே அப்ளிகேஷன். 180 ஃபார்ம், 240 டேபிள். குவெரிகளில் (டேட்டாபேஸிடம் கேட்கும் வாக்கியங்களில்) பெரும்பகுதி ஃபார்முக்குள்ளேயே எழுதப்பட்டவை.

சர்வர் கோவை தலைமை அலுவலகத்தில். புதிதாக இரண்டு கிளைகள் விபிஎன் (இணையத்தின் மேல் போடும் தனிப் பாதை) வழியாக அதில் இணைகின்றன. கோவையில் ஒரு நொடிக்குள் திறக்கிற இன்வாய்ஸ் ஃபார்ம், கிளையில் 10 நொடிக்கு மேல் எடுக்கிறது. சர்வரின் சிபியு 5 சதவீதத்தைத் தாண்டவில்லை. சர்வருக்கு வரும் குவெரிகளைப் பதிவு செய்யும் புரொஃபைலரில் எந்தக் குவெரியும் 1 மில்லிசெகண்டுக்கு மேல் போகவில்லை. நிர்வாகம் அதிக வேகமுள்ள லைன் வாங்கலாம் என்கிறது. இன்னொரு தரப்பு எல்லாவற்றையும் வெப்பில் புதிதாக எழுதச் சொல்கிறது.

மூன்று கேள்விகள். தாமதம் எங்கே? முழுக்க மாற்றி எழுதுவது சரியா? இதே நிலையில் இருக்கும் ஒரு டெவலப்பர் அடுத்துப் படிக்க வேண்டியது ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க்கா, டேட்டாபேஸா?

இரண்டாம்தளம்:

லைன் வாங்குவதைத் தள்ளிப் போடச் சொல்லுங்கள். அகலம் கூடினாலும் தூரம் குறையாது. கிளையிலிருந்து சர்வருக்கு பிங் அடித்து, ஒரு முறை போய் வர ஆகும் நேரத்தைப் பாருங்கள். 40 மில்லிசெகண்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பிறகு புரொஃபைலரில் அந்தக் கிளை கம்ப்யூட்டரின் ஹோஸ்ட்நேமை மட்டும் ஃபில்டர் செய்து, இன்வாய்ஸ் ஃபார்மை ஒரே ஒரு முறை திறங்கள். எத்தனை வரிகள் விழுகின்றன என்று எண்ணுங்கள். கால அளவைப் பார்க்க வேண்டாம், எண்ணிக்கையைப் பாருங்கள். 250 வந்தால் 250 × 40 = 10,000 மில்லிசெகண்ட்; உங்கள் 10 நொடி அதுதான். கோவை லேனில் (அலுவலகத்தின் உள் நெட்வொர்க்கில்) ஒரு போக்குவரத்து 1 மில்லிசெகண்டுக்கும் குறைவு என்பதால் அதே 250 கால் நொடியில் முடிந்து கண்ணில் படாமல் போகிறது. தாமதம் சர்வரிலும் இல்லை, கிளையிலும் இல்லை, நடுவில் இருக்கிறது. சர்வரை மட்டும் பார்த்தால் எல்லாம் சுத்தமாகத்தான் தெரியும்.

அந்த 250 எங்கிருந்து வருகிறது என்றால், வழக்கமாக இரண்டு இடம்.

ஒன்று, இன்வாய்ஸில் 60 வரி இருந்தால் ஒவ்வொரு வரிக்கும் பொருள் பெயர், வரி (டாக்ஸ்) விகிதம், இருப்பு என்று லூப்புக்குள் தனித்தனி செலக்ட். 180 ஆயிற்று. இரண்டு, புரொஃபைலரில் எஸ்பி_கர்சர்ஃபெட்ச் என்று வரிசையாக விழுகிறதா பாருங்கள். ஏடிஓவில் கர்சர்லொகேஷன் சொல்லாமல் விட்டால் அது சர்வர் பக்கக் கர்சர் (முடிவை வரி வரியாக எடுத்துத் தருவது). கேஷ்சைஸ் (ஒரு நடையில் எடுக்கும் வரிகள்) சொல்லாமல் விட்டால் 1. கீசெட் கர்சரை இப்படித் திறந்தால் ஒவ்வொரு மூவ்நெக்ஸ்ட்டும் சர்வருக்கு ஒரு நடை. இன்னொரு 60.

திருத்தம் பெரிய வேலை இல்லை. லூப்பை, டேபிள்களைச் சேர்த்து எடுக்கும் ஒரே ஜாயினாக மாற்றுங்கள். கர்சர்லொகேஷன் 3 (கிளையண்ட் பக்கம்), கர்சர் வகை ஸ்டாடிக், லாக் வகை ரீட்ஒன்லி. திறந்தவுடன் ஆக்டிவ்கனெக்‌ஷனை நத்திங் ஆக்கிவிட்டால் ரெக்கார்ட்செட் கிளையண்டின் நினைவிலேயே இருக்கும். தலைப்பு, வரிகள், வரி (டாக்ஸ்) சுருக்கம் மூன்றையும் ஒரே ஸ்டோர்ட் புரொசீஜர் (சர்வரிலேயே சேமித்து வைக்கும் நிரல்) திருப்பித் தரட்டும். இந்தப் பக்கம் நெக்ஸ்ட்ரெக்கார்ட்செட் போட்டு எடுக்கலாம். புரொசீஜரின் முதல் வரியில் செட் நோகவுண்ட் ஆன் கட்டாயம். அதை விட்டால், நடுவே ஒரு இன்சர்ட் இருந்தாலும் அதன் வரி எண்ணிக்கை ஒரு மூடிய ரெக்கார்ட்செட்டாக முன்னால் வந்து நிற்கும், 3704 எர்ரர் வரும். புரொசீஜர் தப்பு என்று நினைத்து நாள் முழுக்கத் தேடுவார்கள்.

சேமிக்கும் பக்கம் இன்னும் முக்கியம். 60 வரியை ஒவ்வொன்றாக இன்சர்ட் செய்தால் 2.4 நொடி. அந்த நேரம் முழுக்க டிரான்சாக்‌ஷன் (முழுதாக முடியும் அல்லது முழுதாக ரத்தாகும் வேலை) திறந்தே இருக்கிறது; இருப்பு டேபிளின் லாக்கும் (பிறர் மாற்றாதபடி போடும் பூட்டு) பிடியில் இருக்கிறது. கிளையின் தாமதம் கோவையில் பில் போடுபவரையும் நிறுத்தி வைக்கும். வரிகளை ஒரே எக்ஸ்எம்எல் சரமாக அனுப்பி, உள்ளே ஓப்பன்எக்ஸ்எம்எல் கொண்டு ஒரே இன்சர்ட்டாக எழுதுங்கள். முடிந்ததும் எஸ்பி_எக்ஸ்எம்எல்_ரிமூவ்டாக்குமெண்ட் அழைக்காவிட்டால் சர்வர் நினைவு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

இதோடு, டிரான்சாக்‌ஷனைத் தொடங்கும் பிகின்டிரான்ஸுக்கும் முடிக்கும் கமிட்டிரான்ஸுக்கும் நடுவே எங்காவது மெசேஜ்பாக்ஸ் இருக்கிறதா என்று 180 ஃபார்மிலும் தேடிப் பாருங்கள். "சேமிக்கவா?" என்ற பெட்டியைத் திரையில் விட்டுவிட்டு ஒருவர் சாப்பிடப் போனால் மற்ற எல்லோரும் காத்திருப்பார்கள். அப்படி நடக்கும் நேரத்தில் சர்வரின் இணைப்புகளைக் காட்டும் சிஸ்பிராசஸஸில் ஸ்லீப்பிங் நிலையில் இருந்துகொண்டு ஓப்பன்_டிரான் 0-வைத் தாண்டியிருக்கும் வரிதான் ஆள்.

இவற்றை முடிக்கும்வரை கிளைகளை ரிமோட் டெஸ்க்டாப்பில் கோவைக்கே கொண்டுவாருங்கள். அப்போது விபிஎன்னைக் கடப்பது திரை மட்டும்தான், குவெரி லேனுக்குள்ளேயே ஓடும். பயனருக்கான லைசென்ஸ் செலவு உண்டு. கணக்குப் பார்த்துச் செய்யுங்கள்.

தரவுத்தச்சர்:

மேலே சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதற்கு முன்னால் எஸ்கியூஎல் சர்வர் 2000-லிருந்து வெளியே வாருங்கள். 2013 ஏப்ரல் 9-உடன் அதற்கான ஆதரவு முடிந்துவிட்டது. இப்போது அதை விபிஎன்னில் வேறு திறந்து வைத்திருக்கிறீர்கள்.

2000-இன் பேக்கப்பை எஸ்கியூஎல் சர்வர் 2022-இல் நேரடியாக ரீஸ்டோர் செய்ய முடியாது. நடுவில் 2008 ஆர்2 ஒன்றில் ரீஸ்டோர் செய்து, அங்கே புதிதாக பேக்கப் எடுத்து, அதைத்தான் 2022-க்குக் கொண்டுபோக வேண்டும். போய்ச் சேர்ந்ததும் பேஜ் வெரிஃபையை (சிதைந்த பக்கத்தைக் கண்டுபிடிக்கும் அமைப்பு) செக்சம் ஆக்குங்கள். டேட்டாபேஸைச் சோதிக்கும் டிபிசிசி செக்டிபியை டேட்டா_பியூரிட்டியோடு ஒரு முறை ஓட்டுங்கள் (2000-இல் பிறந்த டேட்டாபேஸுக்கு இந்தச் சோதனை தானாக நடக்காது, கேட்டு ஓட்ட வேண்டும்). குவெரி ஓடும் வழியைத் தேர்ந்தெடுக்க உதவும் ஸ்டாடிஸ்டிக்ஸ் முழுவதையும் ஃபுல்ஸ்கேனில் புதுப்பியுங்கள்.

உடையப்போவது இரண்டு விஷயம். நட்சத்திரம்-சமக்குறி போட்டு எழுதிய பழைய அவுட்டர் ஜாயின் இனி ஓடாது. அதை லெஃப்ட் ஜாயினாக மாற்றும்போது வலது டேபிளின் மீதான நிபந்தனையை வேர் பகுதியிலேயே விட்டுவிட்டால் அது சத்தமில்லாமல் இன்னர் ஜாயின் ஆகிவிடும், பரிவர்த்தனை இல்லாத வாடிக்கையாளர்கள் ரிப்போர்ட்டிலிருந்து காணாமல் போவார்கள். நிபந்தனை ஆன் பகுதிக்குப் போக வேண்டும். மற்றொன்று, வியூவுக்குள் (சேமித்து வைத்த குவெரிக்குள்) டாப் 100 பெர்சென்ட் போட்டு ஆர்டர் பை எழுதியிருப்பார்கள். 2000-இல் வரிசையாக வரும். 2005-லிருந்து அந்த வரிசை மதிக்கப்படுவதில்லை. எர்ரர் வராது, லெட்ஜர் மட்டும் கலைந்து நிற்கும்.

முழுக்க மாற்றி எழுதாதீர்கள். 180 ஃபார்முக்குள் இருக்கும் விதிகளை யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். அந்த நிரல்தான் அவற்றின் ஒரே பிரதி. முதலில் விதிகளைப் புரொசீஜருக்குள் நகர்த்துங்கள், விபி ஃபார்ம் அதை அழைக்கட்டும். பிறகு சி ஷார்ப்பில் எழுதும் ஏபிஐயும் (வெப் திரைக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் நிற்கும் நிரல்) அதே புரொசீஜரை அழைக்கட்டும். ரிப்போர்ட்டுகளை முதலில் வெப்புக்குக் கொண்டுபோங்கள், பதிவு ஃபார்ம்கள் கடைசியில்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. திரை நேராக டேட்டாபேஸோடு பேசும் இரண்டடுக்கு அப்ளிகேஷனில் ஒவ்வொரு பயனரும் தன் சொந்த லாகினில் இணைந்திருப்பார். "யார் மாற்றியது" காலத்தில் (டேபிளின் நெடுவரிசையில்) லாகின் பெயரைத் தரும் சுசர்_எஸ்நேம் டீஃபால்ட்டாக இருக்கும். ஏபிஐ வந்ததும் எல்லோரும் ஒரே சர்வீஸ் அக்கவுண்டில் போவார்கள், தணிக்கைப் பதிவு முழுக்க ஒரே பெயராகிவிடும். கனெக்‌ஷன் எடுத்தவுடன் எஸ்பி_செட்_செஷன்_காண்டெக்ஸ்ட் மூலம் பயனர் எண்ணைப் பதித்து, டீஃபால்ட்டையும் டிரிக்கரையும் அதிலிருந்து படிக்கச் சொல்லுங்கள்.

பில் எண்ணுக்கு மேக்ஸ் பிளஸ் 1 (இருப்பதில் பெரிய எண்ணோடு ஒன்று) என்று எழுதியிருந்தால் அதையும் இப்போதே மாற்றுங்கள். எண்ணுக்கென்று தனி டேபிள், ஒரே அப்டேட் வாக்கியத்தில் கூட்டவும் வேரியபிளில் எடுக்கவும். செலக்ட் தனி, அப்டேட் தனி என்றால் இரண்டு கிளைக்கு ஒரே எண் கிடைக்கும் நாள் வரும்.

வரிசைஎண்:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். பவர்பில்டர் 1991, டெல்ஃபி 1995, விபி 6 1998. முன்பக்கக் கருவிகள் வந்து வந்து போகின்றன. செலக்டும் ஜாயினும் கமிட்டும் அப்படியே இருக்கின்றன. அதனால் டேட்டாபேஸ்தான் உங்கள் மூலதனம். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு இன்று வேலை தேடுவது கடினம். சி ஷார்ப், எச்டிடிபி (வெப் பேசும் முறை), கிட் (நிரலின் பதிப்புகளைக் காக்கும் கருவி) மூன்றும் வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க் நான்காவது இடம்.

டேட்டாபேஸ் தெரியும் என்பதையும் சோதித்துப் பாருங்கள். 14 வருடம் எழுதியவர்களில் பலர் எக்சிக்யூஷன் பிளானை (குவெரியை சர்வர் ஓட்டும் வழி) திறந்ததே இல்லை. டெவலப்பர் எடிஷன் இலவசம், வீட்டில் போட்டுக்கொள்ளுங்கள். இந்த ஒரு பயிற்சியைச் செய்யுங்கள்: 10 லட்சம் வரியுள்ள டேபிள், வார்சார் (யூனிகோடு அல்லாத எழுத்து வகை) காலத்தில் வாடிக்கையாளர் குறியீடு, அதன் மேல் இண்டெக்ஸ், கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிடும் விதி) எஸ்கியூஎல் சர்வரின் பழைய லத்தீன் வகை. சி ஷார்ப்பிலிருந்து ஆட்வித்வேல்யூ (வகையைச் சொல்லாமல் மதிப்பை மட்டும் தருவது) போட்டுத் தேடுங்கள். இண்டெக்ஸ் இருந்தும் பிளானில் சீக் (நேராகப் போய் எடுப்பது) வராது, ஸ்கேன் (முழுக்கப் படிப்பது) வரும். டாட்நெட் சரத்தை என்வார்சாராக (யூனிகோடு வகையாக) அனுப்புகிறது. ஒப்பிடுவதற்காக 10 லட்சம் வரியின் காலமும் மாற்றப்படுகிறது. பாராமீட்டரின் வகையை வார்சார் என்று சொன்னவுடன் சீக் வந்துவிடும். "புதிய ஏபிஐ பழைய விபியை விட மெதுவாக இருக்கிறதே" என்று கேட்கும் இடங்களில் முதலில் பார்க்க வேண்டியது இது.

அடுத்தது ஒரே நேரத்தில் இருவர் திருத்துவது. விபியில் ரெக்கார்டை லாக் செய்து வைத்துக்கொண்டு திருத்தலாம். வெப்பில் பிரவுசர் எப்போது திரும்பி வரும் என்றே தெரியாது, லாக் பிடித்து வைக்க முடியாது. டேபிளில் ஒவ்வொரு திருத்தத்திலும் தானாக மாறும் ரோவெர்ஷன் காலம் சேர்த்து, படித்தபோது இருந்த மதிப்பை அப்டேட்டின் வேர் பகுதியில் வையுங்கள். பாதிக்கப்பட்ட வரி 0 என்றால் நடுவில் வேறொருவர் மாற்றியிருக்கிறார்; பயனருக்கு அதைக் காட்டுங்கள். ரீட் கமிட்டெட் ஸ்னாப்ஷாட் என்ன செய்கிறது என்றும் இதோடு சேர்த்துப் படியுங்கள். லாக்கைப் பார்க்காமல் படிக்கும் நோலாக்கை எல்லா இடத்திலும் தூவுவதற்கு அதுதான் சரியான மாற்று.

பிறகு போஸ்ட்கிரஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ். அதே ஃபார்ம்களில் ஐந்தை அதில் ஓட வைத்துப் பாருங்கள், எது எஸ்கியூஎல், எது ஒரு நிறுவனத்தின் பழக்கம் என்பது தெளியும். எழுத்தின் பெரிது சிறிது அங்கே வேறு வேறு. டிரான்சாக்‌ஷனுக்குள் ஒரு வாக்கியம் தவறினால் ரோல்பேக் செய்யும்வரை அடுத்தது எதுவும் ஓடாது. ஒவ்வொரு கனெக்‌ஷனும் ஒரு தனிப் பிராசஸ், டீஃபால்ட் உச்சம் 100. நாள் முழுக்க கனெக்‌ஷனைத் திறந்தே வைத்திருக்கும் விபி பழக்கம் அங்கே செல்லாது.

ரெஸ்யூமேயில் "விபி 6, 14 வருடம்" என்று எழுதாதீர்கள். "ஃபார்ம் ஒன்றுக்கு 250 நடை இருந்ததை 2 ஆக்கியது, 10 நொடி 0.1 நொடிக்குக் கீழே வந்தது" என்று, செய்து முடித்த பிறகு, அளந்த எண்ணோடு எழுதுங்கள். நேர்காணலில் அடுத்த அரை மணி நேரம் அதைப் பற்றியே கேட்பார்கள், நீங்கள் சொல்லத் தெரிந்தவர்.

மணிமுத்தாறு:

மூவருக்கும் நன்றி. பிங் 38 மில்லிசெகண்ட், புரொஃபைலரில் 263 வரி. கணக்கு அப்படியே பொருந்துகிறது. இன்னும் ஒன்று: வாடிக்கையாளர் பெயர், ஊர் எல்லாம் தமிழில், வார்சாரில் இருக்கின்றன. சில காலங்கள் டிஸ்கி, சில பாமினி (இரண்டும் யூனிகோடு அல்லாத பழைய தமிழ் எழுத்து முறைகள்). யூனிகோடுக்கு மாற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

தரவுத்தச்சர்:

இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், மாற்றத்தில் அதிகம் அடிபடுவது பெயர்கள்தான்.

டிஸ்கி பரவாயில்லை. தமிழ் எழுத்துகள் மேல் 128 இடங்களில் இருக்கின்றன, ஆங்கிலம் ஆங்கிலமாகவே இருக்கும். பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை வைத்திருக்கிறது. அந்த நெடுவரிசையில் யாராவது ஆங்கிலத்திலும் பெயர் அடித்திருந்தால் எது எது என்று நிரலால் உறுதியாகப் பிரிக்க முடியாது. ஊர்ப் பட்டியலோடு ஒப்பிட்டு, மிச்சத்தைக் கண்ணால் பார்த்துத்தான் ஆக வேண்டும். அதற்கு ஆள் நேரம் ஒதுக்குங்கள்.

இரண்டிலும் கொம்பு எழுத்துக்கு முன்னால் சேமிக்கப்பட்டிருக்கும். யூனிகோடில் மெய் முதலில், உயிர்க்குறி பின்னால். ஒன்றுக்கொன்று மாற்றினால் போதாது, இடமும் மாற வேண்டும். கொ, கோ, கௌ போன்றவற்றில் முன்னும் பின்னும் இருக்கும் இரண்டு துண்டுகளையும் ஒரே குறியாக்க வேண்டும். இல்லையென்றால் திரையில் ஒன்றுபோலத் தெரியும், பைனரி கொலேஷனில் தேடினால் கிடைக்காது. சேமிக்கும் முன் என்எஃப்சி என்ற யூனிகோடின் சீரான வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

அகலம். கோயம்புத்தூர் நமக்கு ஏழு எழுத்து. டிஸ்கியில் 9 பைட், ஏனென்றால் த், தூ போன்றவை ஒவ்வொன்றும் ஒரே பைட். யூனிகோடில் அதே ஊர் 13 குறியீடு, என்வார்சாரில் 26 பைட். 30 அகலமுள்ள வார்சாரை 30 அகலமுள்ள என்வார்சாராக மாற்றினால் நீளமான பெயர்கள் அகலம் போதாத எர்ரரில் நிற்கும். இரண்டு மடங்கு வைத்துவிடுங்கள். யூடிஎஃப்-8 கொலேஷன் இடத்தை மிச்சப்படுத்தும் என்பார்கள். தமிழுக்கு அது 39 பைட், கூடத்தான் செய்யும்.

கடைசியாக, விபி 6-இன் சாதாரண டெக்ஸ்ட்பாக்ஸ் யூனிகோடைக் காட்டாது, கேள்விக்குறிகளாக மாற்றிவிடும். அந்த நிலையில் பயனர் சேமித்தால் கேள்விக்குறிகளே டேட்டாபேஸுக்குப் போகும், பெயர் திரும்ப வராது. எனவே பழைய காலத்தைத் தொடாமல் பக்கத்தில் புதிய காலம் ஒன்று சேருங்கள். விபி பழையதையே படிக்கட்டும், எழுதட்டும். டிரிக்கர் புதியதை நிரப்பட்டும். அந்தப் பெயரைத் தொடும் கடைசி விபி ஃபார்ம் ஓய்வு பெற்ற பிறகு பழைய காலத்தை நீக்கலாம்.