அம்மாவின் நரையில் அவுரிச் சாயம் பிடிக்கவில்லை, யாராவது வழி சொல்லுங்கள்

யாங்கூனில் இருக்கும் அக்கா, தங்கைகளுக்கு வணக்கம். அம்மாவுக்கு 63 வயது. பாக்கெட் டை போட்டால் நெற்றியோரம் தடித்து அரிக்கிறது, அதனால் மருதாணிக்கு மாறினோம்.

போன சனிக்கிழமை மருதாணிப் பொடியை எலுமிச்சைச் சாறும் தேயிலைத் தண்ணீரும் விட்டுக் குழைத்து, இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் 3 மணி நேரம் தலையில் வைத்திருந்தோம். கறுத்த முடியில் அழகான செம்பழுப்பு. காதோரத்து வெள்ளை முடி மட்டும் பழுத்த பப்பாளி நிறம்! அம்மா கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டார்.

மறுநாள் அதைக் கறுப்பாக்க அவுரி இலைப் பொடி போட்டேன். அதற்கும் அதே பழக்கத்தில் எலுமிச்சை பிழிந்து ஒரு மணி நேரம் ஊறவைத்துவிட்டேன். அவுரிக்குப் புளிப்பு ஆகாது, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து 15 நிமிடத்துக்குள் பூச வேண்டும் என்று அப்புறம்தான் தெரிந்தது. அலசும்போது பச்சைத் தண்ணீராக எல்லாம் ஓடிவிட்டது.

இப்போது மறுபடி மருதாணியிலிருந்து தொடங்க வேண்டுமா, அவுரி மட்டும் போதுமா? அம்மா வாரம் தவறாமல் தயோ கின்பூன் என்ற பர்மிய மூலிகைக் கரைசல் போட்டுத் தலை குளிப்பவர். அதில் சீகைக்காய் இருக்கிறதே, சாயம் இறங்கிவிடாமல் இருக்க எத்தனை நாள் பொறுக்க வேண்டும்? தெய்ஞ்சி சந்தைப் பக்கம் புதிய அவுரிப் பொடி கிடைக்குமா?

"கறுப்பு மருதாணி" மட்டும் சொல்லாதீர்கள். அதில் பெரும்பாலும் டையில் இருக்கும் அதே ரசாயனம்தான். அடுத்த மாதம் தம்பி கல்யாணம், அம்மா மணவறையில் தலை நிமிர்ந்து நிற்க வேண்டும்.