குச்சியில் சரி, நோட்டில் தவறு: கடன் வாங்கிக் கழித்தலில் ஒரு சிக்கல்

கேள்வி (தொடக்கப் பள்ளி ஆசிரியை)

வணக்கம். மூன்றாம் வகுப்புக்குக் கடன் வாங்கிக் கழித்தலைப் புரியவைப்பதற்காக, துடைப்ப ஈர்க்குகளை ஒரே அளவாக ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். 52 குச்சிகளிலிருந்து 27-ஐ எடுக்கச் சொன்னால், ஒரு கட்டைப் பிரித்து, எண்ணி எடுத்து, மீதி 25 என்று பெரும்பாலான பிள்ளைகள் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். அதே கணக்கை நோட்டில் போடச் சொன்னால், 2-இலிருந்து 7 போகாது என்பதால் 7-இலிருந்து 2-ஐக் கழித்து 35 என்று எழுதுகிறார்கள். இரண்டு வாரமாக இதே நிலைதான். செய்து கற்பது கையோடு நின்றுவிடுகிறதா, அல்லது இடையில் ஒரு படியை நான் விட்டுவிட்டேனா?

பதில் 1

ஒரு படி விடுபட்டிருக்கிறது என்றே நினைக்கிறேன். குச்சி வேலை முழுவதும் முடிந்த பிறகு நோட்டைத் திறந்தால், பிள்ளைக்கு அவை இரண்டும் வெவ்வேறு கணக்குகளாகவே தெரியும். இருவர் இருவராக உட்கார வையுங்கள். ஒருவர் கட்டைப் பிரித்தவுடன், மற்றவர் 5-ஐ அடித்து 4 என்றும், 2-ஐ அடித்து 12 என்றும் எழுத வேண்டும். எழுதி முடிக்கும்வரை அடுத்த குச்சியைத் தொடக் கூடாது. இன்னொன்று, 'கட்டிக் கொடுத்திருக்கிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டுகளைப் பிள்ளைகளே எண்ணிக் கட்டட்டும். பத்து ஒன்றுகள்தாம் ஒரு பத்து என்பது கட்டும்போதுதான் பதியும்.

பதில் 2 (ஓய்வு பெற்ற ஆசிரியர்)

'கடன்' என்ற சொல்லே குழப்புகிறது, அம்மா. வாங்கியதை எப்போது திருப்பித் தருவது என்று என்னிடம் ஒரு மாணவன் கேட்டான். அவன் கேட்டது நியாயம்தான். பாடநூலில் வரும் 'இனமாற்றம்' பொருளளவில் சரியானது, ஆனால் எட்டு வயதுப் பிள்ளையின் வாயில் நுழையாது. நான் 'சில்லறை மாற்றுவது' என்று சொல்லி, பத்து ரூபாய்த் தாள்களையும் ஒரு ரூபாய் நாணயங்களையும் வைத்து நடத்தினேன். செய்கையோடு சரியான சொல்லும் சேர வேண்டும் என்பதைப் பின்னத்திலும் பார்த்திருக்கிறேன். 4-ஐவிட 8 பெரியது என்பதால் 1/4-ஐவிட 1/8 பெரியது என்று சாதித்த பிள்ளைகள், காகிதத்தை மடித்து மடித்து அரை, கால், அரைக்கால் என்று பெயர் சொன்ன பிறகு அந்தத் தவறைச் செய்யவில்லை. காலில் பாதி என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

பதில் 3

எங்கள் அறிவியல் வகுப்பிலும் இதே கதைதான். தோலோடு இருக்கும் ஆரஞ்சு தண்ணீரில் மிதக்கும், உரித்த ஆரஞ்சு மூழ்கும் என்பதைச் செய்து காட்டினால் கைதட்டுவார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். இப்போதெல்லாம் பழத்தை வாளியில் போடுமுன் என்ன நடக்கும், ஏன் என்று ஒரு வரி எழுதச் சொல்கிறேன். உரித்தால் எடை குறைகிறது, அதனால் இன்னும் நன்றாக மிதக்கும் என்றுதான் பலரும் எழுதினார்கள். அது மூழ்கியபோது எழுந்த வாக்குவாதத்தில் பாதி வகுப்பு போய்விட்டது. கடைசியில் ஒரு சிறுமி, தோல் என்பது கிணற்றில் நீச்சல் பழகுபவர்கள் கட்டிக்கொள்ளும் டியூப் போன்றது என்றாள். தோலில் காற்று நிறைந்த நுண்ணிய இடைவெளிகள் உண்டு என்று அதற்குப் பிறகு நான் சொன்னது எளிதாக ஏறியது. முப்பதுக்கு மேல் பிள்ளைகள் இருந்தால் இதற்கு நேரம் கிடைப்பது கடினம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நான் வாரத்துக்கு ஒன்றுதான் செய்கிறேன்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. இருவர் முறையைப் பத்து நாட்கள் செய்து பார்த்தேன். 35 என்று எழுதுபவர்கள் இப்போது நான்கு பேர்தான். பெரிய கட்டுகளும் கட்டச் சொல்லி, நேற்று 304-இலிருந்து 128-ஐ எடுக்கச் சொன்னேன். உதிரியில் நான்குதான் இருக்கிறது, பத்துக் கட்டே இல்லை என்று சற்று நேரம் விழித்துவிட்டு, ஒருவன் நூறின் கட்டை அவிழ்த்தான். உள்ளே பத்துக் கட்டுகள் இருந்தனவே தவிர உதிரி ஒன்றும் இல்லை. "டீச்சர், இன்னொரு தடவை மாத்தணும்" என்று அவனே சொன்னான். நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவள் 0-வை அடித்து 10 என்றும், பிறகு அதையும் அடித்து 9 என்றும் எழுதினாள்.