பதில்: ‘டிராவல்’ வருமிடமெல்லாம் ‘பயணம்’ போடலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். நம் கலைச்சொல் தொகுப்பில் ‘டிராவல்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் எதை வைப்பது என்று பேசும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துவருகிறேன். ஒரு பொறிக் கையேட்டையும் சுனாமி பற்றிய ஒரு துண்டறிக்கையையும் ஒரே மாதத்தில் மொழிபெயர்க்க நேர்ந்தது. இரண்டிலும் இந்தச் சொல்லோடு மல்லுக்கட்டினேன். அதனால் மடல் நீளுகிறது, பொறுத்தருள்க.

> ஆங்கிலத்தில் ஒரு சொல் என்றால் தமிழிலும் ஒரு சொல்லே இருக்கட்டும். டிராவல் = பயணம். டிராவல் டைம் = பயண நேரம். கீ டிராவல் = விசைப் பயணம்.

ஐயா, ஒரு துறைக்குள் ஒரு கருத்துக்கு ஒரு சொல் என்ற உங்கள் நெறி எனக்கும் உடன்பாடே. ஆனால் டிராவல் துறைச்சொல்லாகப் பிறந்தது அல்ல, தெருவில் புழங்கும் சொல். அதை இயற்பியலார், பொறியாளர், கூடைப்பந்து நடுவர் என ஆளுக்கொரு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அவரவர் வாக்கியத்தில் அது என்ன வேலை செய்கிறது என்று பார்த்த பிறகுதான் தமிழில் பெயர் வைக்க முடியும்.

நாம் அதைக் கடன் வாங்கிப் புழங்கும் விதத்தையே பாருங்கள். ஆங்கிலத்தில் அந்தப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ‘ஒரு’ வராது. ஒரு தடவை போய்வந்ததைச் சொல்ல டிரிப் என்றோ ஜர்னி என்றோதான் சொல்வார்கள். நாமோ ‘ஒரு டிராவல்ஸ்ல சொல்லி வண்டி பிடி’ என்கிறோம். பன்மை விகுதியோடு சேர்த்து, வண்டி வாடகைக்கு விடும் இடத்துக்கு அதைப் பெயராக்கிவிட்டோம். திரைத்துறைப் பேட்டிகளில் ‘இந்த டீமோட ரெண்டு வருஷமா டிராவல் பண்றேன்’ என்றால் கூடவே இருந்து வேலை செய்தார் என்று பொருள். ‘கதை இப்படிப் பயணிக்கிறது’ என்ற எழுத்துநடை இதிலிருந்து வந்தது என்றே நினைக்கிறேன். கதை போகும், நகரும், ஓடும். இத்தனை வினைகள் கையில் இருக்க, எல்லாவற்றையும் ‘பயணிக்க’ வைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பயணம் என்ற சொல்லில் ஓர் ஆள் இருக்கிறார். நாள் பார்ப்பார், மூட்டை கட்டுவார், சொல்லிக்கொண்டு கிளம்புவார். ஆள் இல்லாத இடத்தில் தமிழ் வேறு வினையைத் தேடும். சேதி பரவும். நீண்ட தூரம் அனுப்பினாலும் கெடாத பழத்தை ஆங்கிலத்தில் ‘நன்றாக டிராவல் ஆகும்’ என்பார்கள். நம் பழக்கடைக்காரர் ‘இது தூரம் தாங்கும்’ என்பார். ‘தாங்கும்’ என்பதில் இருக்கும் துல்லியம் ‘பயணிக்கும்’ என்பதில் இல்லை.

> அக்காலத்தில் ‘செலவு’ என்றாலே போதல்தானே. அதை மீட்டெடுத்தால் என்ன?

அக்கா, இதைப் படித்ததும் மனம் நிறைந்தது. தலைவன் பிரிந்து போக எண்ணித் தயங்கி நிற்பதைச் ‘செலவழுங்குதல்’ என்று அகப்பொருள் இலக்கணம் சொல்கிறது. ஆனால் இன்று அந்தச் சொல் காசுக்குப் போய்விட்டது. ‘பயணச் செலவு’ என்று பில் எழுதும் ஊரில் ‘செலவு நேரம்’ என்று அச்சிட்டால், செலவழித்த நேரம் என்றே படிப்பார்கள். சொல்லை மீட்க முடியாது, வேரை மீட்கலாம். அந்த வேர் ‘செல்’. அதை எடுப்பதற்கு முன்னால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்.

தொல்காப்பியம் கிளவியாக்கம் என்ற இயலில் செலவு, வரவு, தரவு, கொடை என்ற நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று பிரிக்கிறது. என்னிடம், உன்னிடம் வரும், அவனிடம் செல்லும். இன்றைக்கும் நம் காது இதை ஓரளவு காத்துவருகிறது. டிராவல் என்ற ஆங்கில வினைக்கு இந்தக் கவலையே கிடையாது. பேசுகிறவர் எங்கே நிற்கிறார் என்று அது கேட்பதில்லை. நம் சிக்கலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

துண்டறிக்கையில் இது எனக்கு நேராக வந்து நின்றது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தபோது நம் நேரம் காலை 6.29. அலை சென்னைக் கரையைத் தொட்டபோது ஏறத்தாழ 9 மணி. இந்த இடைவெளிதான் டிராவல் டைம். ஆழ்கடலில் இந்த அலையின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது: 4000 மீட்டர் ஆழத்தில் மணிக்குச் சுமார் 700 கிலோமீட்டர், 10 மீட்டர் ஆழத்தில் சுமார் 36 கிலோமீட்டர். ஆகவே நிலம் அதிர்ந்த இடம் தெரிந்தால் எந்தக் கரைக்கு எத்தனை நிமிடம் என்று முன்கூட்டியே கணக்கிடலாம். ஐதராபாத்தில் 2007 முதல் இயங்கும் சுனாமி எச்சரிக்கை மையத்தின் வேலைக்கு இந்தக் கணக்கு அடிப்படை.

இதைப் ‘பயண நேரம்’ என்று எழுதிப் பார்த்தேன். படித்துப் பார்த்த மீனவக் குடும்பத்துப் பெண் ஒருவர், ‘பஸ்ல போறதுக்கா?’ என்று கேட்டார். தப்பிப் போக எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அவர் எடுத்துக்கொண்டார். உயிர் காக்கும் தாளில் இப்படி ஒரு மயக்கம் இருக்கவே கூடாது. இன்னொரு குறையும் உண்டு. சுமத்ராவின் தண்ணீர் நாகப்பட்டினத்துக்கு வரவில்லை. அலைதான் வந்தது, தண்ணீர் இடத்துக்கு இடம் கைமாற்றியது. ‘பயணம்’ என்றால் அந்தத் தண்ணீரே கிளம்பி வந்ததாகத் தோன்றிவிடுகிறது.

‘பரவு நேரம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அறிவியல்படி நல்ல சொல்தான். ஆனால் பரவுதலுக்கு முடிவிடம் இல்லை, நாற்புறமும் போய்க்கொண்டே இருக்கும். நாம் அளப்பது ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் வரைக்குமான நேரத்தை. அதற்குச் ‘செல்நேரம்’ என்று வைக்கலாம். நிலநடுக்க அலைக்கும், செயற்கைக்கோள் குறிப்பலைக்கும், ஒளிக்கும் இது பொருந்தும். செல்பேசியின் ‘செல்’லோடு குழம்பாதா என்றால், அட்டவணைத் தலைப்பில் ‘அலையின் செல்நேரம்’ என்று இருக்கும்போது குழம்பாது என்று நம்புகிறேன்.

ஆனால் கரையில் இருப்பவருக்கு எழுதும் வாக்கியத்தில் செல்நேரம் வேண்டாம். அவரைப் பொறுத்தவரை அலை செல்லவில்லை, வருகிறது. ‘அலை உங்கள் கரைக்கு வந்துசேர இரண்டரை மணி நேரம் ஆகலாம்’ என்றே அச்சிட்டோம். சூரிய ஒளி நம்மை வந்தடைய 8 நிமிடம் 20 நொடி ஆகிறது என்று சொல்கிறோமே, அதே முறை.

இனிப் பொறிகள். இங்கே டிராவல் என்பது நேரமும் அல்ல, போதலும் அல்ல. ஓர் உறுப்பு நகரும் தூரம், மில்லிமீட்டரில் அளக்கும் ஒரு நீளம். ‘இடப்பெயர்ச்சி’ சரியில்லை. போய்த் திரும்பிய உறுப்பின் இடப்பெயர்ச்சி சுழி (பூஜ்யம்), அதன் டிராவல் சுழி அல்ல. ‘வீச்சு’ அலைகளில் வேறு வேலையாக இருக்கிறது; நடுவிலிருந்து ஒரு பக்கத்தை மட்டும் அளப்பது. பொதுச்சொல்லாக ‘நகர்தூரம்’ என்கிறேன். ஒரு பொறியைப் பற்றி ‘மேசையின் நகர்தூரம் 500 மிமீ’ என்றால் பட்டறையில் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள்.

சிறப்பான இடங்களில் அந்த இடத்தின் வினையே பேசட்டும். என் அப்பா தட்டச்சு நிலையம் வைத்திருந்தார். ‘முழுசா இறக்காதே, எழுத்து விழுந்ததும் விரலை எடு’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார். கீ டிராவலுக்கு, அதாவது தட்டும்போது ஒரு விசை இறங்கும் தூரத்துக்கு, இதைவிட நல்ல விளக்கம் நான் படித்ததில்லை. கணினி விசைப்பலகைக்குச் செர்ரி நிறுவனம் செய்யும் சிவப்பு வகைச் சுவிட்சில் மொத்த இறக்கம் 4 மிமீ, 2 மிமீ இறங்கியதும் எழுத்து விழும். ‘இறக்கம்’ என்றே வைத்துவிடலாம். முன்னால் ‘விசை’ சேர்க்க வேண்டாம். அதே அட்டவணையில் அழுத்துவிசை (எவ்வளவு பலமாக அழுத்த வேண்டும் என்பது) என்று இன்னொரு வரி வருகிறது, இரண்டு விசையும் மோதும்.

வண்டிகளின் சஸ்பென்ஷன் டிராவலுக்கு, ‘ஷாக் நல்லா அமுங்குது’ என்று மெக்கானிக் சொல்வதிலிருந்து ‘அமுங்குதூரம்’. ராயல் என்ஃபீல்ட் 2016இல் கொண்டுவந்த ஹிமாலயனுக்கு முன்பக்க அமுங்குதூரம் 200 மிமீ, பின்பக்கம் 180 மிமீ. கரடுமுரடான பாதைக்கென்றே செய்த வண்டி என்பது இந்த இரண்டு எண்ணிலேயே தெரிந்துவிடும்.

கூடைப்பந்தில் பந்தைத் தட்டாமல் கையில் வைத்துக்கொண்டு விதிக்கு மேல் அடி எடுத்துவைத்தால் டிராவலிங். ‘நடைப்பிழை’ போதும். எல்லா ஊருக்கும் ஒரு தடவை போய்த் திரும்பக் குறைந்த தூர வழி எது என்று கேட்கும், ‘ஊர் ஊராகப் போகும் விற்பனையாளர்’ என்ற கணிதச் சிக்கலில் மட்டும் ‘பயணம்’ இருக்கட்டும். அங்கே உண்மையிலேயே ஓர் ஆள் கிளம்புகிறார். 10 ஊர்களைச் சுற்றிவர, ஒரே சுற்றை எதிர்த்திசையில் தனியாக எண்ணாவிட்டால், 1,81,440 வழிகள் அவர் முன்னால் இருக்கின்றன.

‘பயணம்’ வடசொல் வழி வந்தது என்று ஒரு மடலில் மறுப்பு இருந்தது. என் மறுப்பு அதனால் அல்ல. தன் இடத்தில் அது நல்ல சொல், பத்திரமாக இருக்கட்டும்.

தொகுப்பில் செல்நேரம், நகர்தூரம், இறக்கம், அமுங்குதூரம், நடைப்பிழை என்ற ஐந்தையும் தனித்தனிப் பதிவாகச் சேர்க்க வேண்டுகிறேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு வாக்கியமும் கூடவே வர வேண்டும். ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. பொறியின் உறுப்பு தன் எல்லையைத் தாண்டி ஓடிவிடுவதை ஓவர்டிராவல் என்கிறார்கள். ‘மிகைநகர்வு’ ஏட்டுச் சொல்லாக இருக்கிறது. கடைசல் பட்டறையில் வேலை பார்த்தவர்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். டேபிள் ஸ்டாப்பரைத் தாண்டிப் போனால் அங்கே என்ன சொல்லிக் கத்துவீர்கள்? அதை எழுதுங்கள்.

அன்புடன்.