கவர் பிளாக் கேட்காத மேஸ்திரியை மாற்றணுமா?

ரசமட்டம்: "தளத்துக்கு ஜல்லித் துண்டே போதும், கவர் பிளாக் கேட்கிற மேஸ்திரி செலவு இழுத்துவிடுகிற ஆள்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். கவர் பிளாக் என்பது கம்பிக்கு அடியில் அளவான இடைவெளி விட வைக்கிற சிமெண்ட் கட்டை. அந்தப் பேச்சை நம்பி ஆள் பிடித்தால் சீலிங் பெயர்ந்து கம்பி பல்லிளிக்கும். சதுர அடி ரேட் பேசுவதற்கு முன்னால் மேஸ்திரியிடம் கேளுங்கள்: கம்பிக்கு அடியில் என்ன வைப்பீர்கள், எவ்வளவு கவர் விடுவீர்கள்? கவர், அதாவது கம்பியை மூடுகிற கான்கிரீட் கனம், தளத்துக்கு 20 மி.மீ., தூணுக்கு 40, பூட்டிங்குக்கு (அஸ்திவாரப் பாதத்துக்கு) 50. டக்கென்று சொல்லாதவருக்கு அட்வான்ஸ் கிடையாது.

தூக்குக்குண்டு: அந்த "ஒருவர்" நான்தான். பேரைச் சொன்னா வாய் வலிக்குமோ? ஜல்லி கருங்கல். கவர் பிளாக் வெறும் சிமெண்ட் கலவை. எது உறுதி? அதுவும் 20 மி.மீ. ஜல்லி, 20 மி.மீ. கவர். கணக்கு சரியாத்தானே இருக்கு?

ரசமட்டம்: 20 மி.மீ. ஜல்லி என்றால் 20 மி.மீ. சல்லடையில் விழுகிற கல். 12-ம் இருக்கும், தட்டைக் கல்லும் இருக்கும். கான்கிரீட் சட்டியோடு ஆள் கம்பிமேல் நடந்தால் கல் நழுவி, கம்பி சென்ட்ரிங் பலகையில் (கான்கிரீட் இறுகும்வரை அடியில் தாங்குகிற பலகை) போய் உட்காரும். கவர் பிளாக்கைக் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டிவிடலாம், அசையாது. நான் கேட்பது உயரத்தை.

கரணை: கூலி மட்டும் பேசுற லேபர் கான்ட்ராக்டில் கவர் பிளாக் வாங்கித் தர வேண்டியது ஓனர். அதை விட்டுட்டு மேஸ்திரியைத் திட்டுவானேன்? பேசும்போதே சென்ட்ரிங் பலகை, மிக்சர், வைப்ரேட்டர், தண்ணீர் விடுற ஆள் கூலி யார் பொறுப்புன்னு எழுதி வாங்குங்க. பிபிசி (PPC, சாம்பல் கலந்த) சிமெண்டில் போட்ட கான்கிரீட்டுக்குக் குறைஞ்சது 10 நாள் தண்ணி விடணும். "அது எங்க வேலை இல்லை"ன்னு மூணாம் நாளே கிளம்பிடுவாங்க.

தூக்குக்குண்டு: நான் கேட்டதுக்குப் பதில் வரல. கருங்கல்லை விட உறுதியா கவர் பிளாக்?

ரசமட்டம்: மறுபடியும் உறுதி! சன்ஷேடு, பால்கனிக்கு மெயின் கம்பி மேலே நிற்கணும். சேர் (மேல்கம்பியைத் தூக்கிப் பிடிக்கிற வளைத்த கம்பி) வைத்துக் கட்டாமல் மிதித்து இறக்கினால் சுவரோரம் மேல்பக்கம் வெடிக்கும். அதுக்கும் ஜல்லிதானா? இன்னொன்று, எம்20 தரக் கான்கிரீட்டுக்கு ஒரு மூட்டை சிமெண்டுக்கு 30 லிட்டர் தண்ணீர்தான் உச்சம். ஹோஸைத் திருப்பிவிட்டு "இளக்கமா இருக்கட்டும்" என்கிற மேஸ்திரியை அன்றைக்கே அனுப்புங்கள்.

மூலைமட்டம்: ரசமட்டம் சார், எல்லாருக்கும் 20-ன்னு சொல்லாதீங்க. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-ல் அது மைல்டு நிலைக்கு, அதாவது வெயில் மழை, உப்புக் காத்து தாக்காத இடத்துக்கு. பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரிக் கடலோரத்துக்கு 45, கான்கிரீட்டும் இன்னும் உறுதியான எம்30 தரம்.

ரசமட்டம்: அட்டவணை எனக்கும் தெரியும். 12 மி.மீ. வரையுள்ள கம்பிக்கு மைல்டு நிலையில் 5 குறைக்கலாம் என்றும் அதன் கீழேயே இருக்கிறது. அதை ஏன் விட்டீர்கள்?

மூலைமட்டம்: கடலோரத்துக்குப் பதில் எங்கே?

தூக்குக்குண்டு: ஆக 15 போதும்னு அவரே ஒத்துக்கிட்டார். ஜல்லி ஜெயிச்சாச்சு.

ரசமட்டம்: யார் ஒத்துக்கிட்டது? 15 ஆனாலும் அளந்த 15. உங்கள் ஜல்லியில் ஒரு இடம் 8, ஒரு இடம் 18. தளம் போடும் முன் கம்பிக்கு அடியில் டேப்பை விட்டு அளந்து காட்டச் சொல்லுங்கள், மேஸ்திரி முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கரணை: டேப் விட்டு அளக்குற ஓனருக்கு எந்த மேஸ்திரி வருவார்?

தூக்குக்குண்டு: கருங்கல் கேள்விக்கு இன்னும் பதில் வரல.